எந்தப் படம் என்று அவரையே கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் ஸ்டுடியோ நடத்துகிறேன். அப்பா 1961-இல் தொடங்கியது. 1994 முதல் பொறுப்பு என்னுடையது. எனக்கு இப்போது 57 வயது. தங்கள் நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பது என் பழக்கம். அதனால் செய்திகளுக்கு முன்னால் கண்ணீர் அஞ்சலி விளம்பரங்கள்தான் கண்ணில் படும்.

சென்ற மாதம் அதில் ஒரு படம் பார்த்தேன். மீசை அரும்பிய 20 வயதுப் பையன். கீழே ஓர் ஆணின் பெயர், வயது 46 என்று இருந்தது. முதலில் யாரென்று புரியவில்லை. மூக்கையும் புருவத்தையும் பார்த்தபோதுதான் உறைத்தது. முகங்களையே பார்த்துப் பிழைக்கிறவளுக்கு அது தப்பாது. அவர் திருநங்கை. ஒன்பது ஆண்டுகளாக என் ஸ்டுடியோவுக்கு வந்துகொண்டிருந்தவர். இறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் மெரூன் நிறத் திருபுவனம் பட்டுடுத்தி, தலைநிறைய மல்லிகை வைத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் என் கணினியில் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

துக்க வீட்டார் கொடுத்த படத்தை வாங்கிப் போட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த, அவர் மகள்களாக வளர்த்த இரண்டு பெண்கள் அன்று காலை டீக்கடையில் பேப்பரைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தார்கள். "அக்கா, இது யாரு? எங்கம்மா எங்க?" என்று கேட்டார்கள். நான் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு, கையில் பணத்தோடு, தாங்களும் ஓர் அஞ்சலி விளம்பரம் கொடுக்கப் போனார்கள். "நீங்க என்ன உறவு?" என்று கேட்டிருக்கிறார்கள். உறவைக் காட்ட அவர்களிடம் காகிதம் இல்லை. திரும்பி வந்துவிட்டார்கள்.

என் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வெட்கமோ பயமோ இல்லை. எந்தத் தெரு, எந்தக் கடை என்று தெரிந்துவிட்டால் மாடிப்படி ஏறுகிறவர்களை எதிர்ச்சாரியில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் படிகள் அவர்களுக்கு இப்போதிருப்பது போலவே இருக்கட்டும்.

ஆசிரியர் அவர்களே, நம் ஊர்ப் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இப்படி ஒரு படம் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆண் குழந்தைக்கு மொட்டை போடுவதற்கு முன்னால் பட்டுப் பாவாடை சட்டை போட்டு, சவுரி சேர்த்துப் பின்னி, பூச்சடை தைத்து, நெற்றிச்சுட்டியும் வளையலும் மாட்டி ஸ்டுடியோவுக்குத் தூக்கி வருவார்கள். ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குழந்தையைச் சற்றே திருப்பி நிறுத்த வேண்டும். முகம் நேராகத் தெரியும், கண்ணாடிக்குள் சடை தெரியும். கேமராவும் விளக்கும் கண்ணாடியில் விழாமல் கோணம் பிடிப்பதில்தான் கைத்திறன். அப்பா அதில் கெட்டிக்காரர். கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே ஒரே கிளிக்கில் முடித்துவிடுவார். அப்படி நின்ற பிள்ளைகள் பிற்பாடு தாசில்தாராகவும் லாரி டிரைவராகவும் ஆனார்கள். அந்தப் படங்கள் இன்னும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன. வருகிறவர்களுக்குக் காட்டிச் சந்தோஷப்படுகிறார்கள்.

1976-இல் எங்கள் வீட்டுக் குழந்தையையும் அப்பா அப்படி எடுத்தார். பாவாடை என்னுடையது. இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்து ஊக்குக் குத்திவிட்டவளும் நான்தான். எனக்கு எட்டு வயது, கண்ணாடி முன்னால் நின்ற குழந்தைக்கு மூன்று. படம் எடுத்த பிறகு பூவைப் பிரிக்கவிடாமல் ஒரே அழுகை. சடையோடேயே தூங்கிப்போயிற்று. மறுநாள் காலையில் தலையணை முழுக்கக் கனகாம்பரம்.

அந்தக் குழந்தை என் தங்கை. 1990-இல், 17 வயதில், வீட்டைவிட்டுப் பம்பாய்க்குப் போனாள். அப்பா சுவரில் இருந்தவற்றைக் கழற்றினார், ஆல்பத்தில் ஒட்டியிருந்தவற்றைப் பிய்த்தார். ஆனால் நெகட்டிவ்களை எரிக்கவில்லை. படம் எடுக்கிறவரின் கை அதற்கு மட்டும் எழும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆண்டுவாரியாகப் பழைய பேப்பர் டப்பாக்களில் அவை அப்படியே இருந்தன.

அவள் திரும்பி வந்தது 2001-இல். அதற்குள் அப்பா இறந்துபோயிருந்தார். டப்பாக்களை அவள் முன்னால் இறக்கி வைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பள்ளிக்கூடக் குரூப் படம், பொங்கலுக்கு எடுத்தது, சைக்கிளோடு எடுத்தது என எல்லாவற்றையும் ஒதுக்கினாள். சடைப் படத்தின் நெகட்டிவை மட்டும் வைத்துக்கொண்டு, "இதுல மட்டுந்தான்க்கா நான் இருக்கேன்" என்றாள். அன்று இரவே டார்க் ரூமில் பிரிண்ட் போட்டேன். தூசி விழுந்த இடங்களில் வெள்ளைப் புள்ளிகள். மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தொட்டு மூட விடிந்துவிட்டது. இப்போது அவள் திருவிடைமருதூர்ப் பக்கம் குடியிருக்கிறாள். கல்யாண வீடுகளில் காய் நறுக்கப் போனவள், இன்று தானே ஆள் வைத்துச் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறாள். சடைப் படம் அவள் வீட்டு சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் நான் 'தம்பியாகப் போய்த் தங்கையாகத் திரும்பியவள்' என்று எழுதியிருந்தேன். அடிக்கச் சொன்னாள். "போனதும் நாந்தான், வந்ததும் நாந்தான். நடுவுல யாரும் மாறல" என்றாள்.

படத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையும், அன்று நெகட்டிவைப் பார்த்து 'இதுல மட்டுந்தான்க்கா நான் இருக்கேன்' என்று அவள் சொன்னதற்குள் இருக்கிறது. ஒருவர் முகம் தெளிவாக விழுந்துவிட்டால் அவர் படத்தில் இருக்கிறார் என்று ஆகிவிடாது.

புடவை கட்டிய ஆணைப் படம் எடுப்பது எங்கள் கடைக்குப் புதிதல்ல. நாடகத்தில் ஸ்திரீபார்ட் போடுகிறவர்கள் முழு ஒப்பனையோடு வந்து கேபினட் சைஸில் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்பா அந்தப் படங்களை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார். 'அசல் பொம்பளை தோத்தாள்' என்று தெருவே நின்று பார்க்கும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பெண் பாத்திரங்களை ஆண்கள் ஆடுவது பரம்பரை வழக்கம். குடும்பத்தோடு போய் விடிய விடியப் பார்க்கிறோம். வேஷம் கலைந்ததும் ஆண்பிள்ளையாகிவிடுவார் என்கிற நிம்மதி நமக்கு. அதே புடவையை வேஷமில்லாமல் ஒருவர் கட்டினால் மட்டும் முகம் சுளிக்கிறோம். தாராசுரம் கோயிலில் மூன்று முகமும் எட்டுக் கையுமாக நிற்கும் அர்த்தநாரியை இந்தப் பேச்சில் யாராவது கட்டாயம் இழுப்பார்கள். அழகான சிலைதான். ஆனால் சாமியைச் சாட்சிக்கு அழைத்து மனுஷிக்கு இடம் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் பாஸ்போர்ட் படத்துக்கென்று ஒரு கோட்டும் முடிச்சுப் போட்ட டையும் ஆணியில் தொங்கும். 1983-இல் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்க ஒருவர் வந்தார். தாவணி போட்டிருந்தார். படம் எடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதைப் போட்டு ஒண்ணு எடுக்கலாமா சார்?" அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோட்டைத் தட்டிக் கொடுத்தார். சுருள்முடியைப் பின்னால் இழுத்துச் சொருகிவிட்டு, டையை இறுக்கிக்கொண்டு, அவர் கேமராவை நேராகப் பார்த்தார். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள்! ரிஜிஸ்தரில் 'கோட், 1 கேபினட்' என்று எழுதினேன். படம் வாங்க வந்தபோது நெகட்டிவையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். 'திருநம்பி' என்ற சொல் அப்போது எங்களுக்குத் தெரியாது. சொல் இல்லாவிட்டாலும் அப்பாவால் அந்தப் படத்தைச் சரியாக எடுக்க முடிந்தது. தன் பிள்ளை விஷயத்தில் அவருக்கு அது ஏன் முடியாமல் போயிற்று என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இப்போது வருகிற திருநங்கையரும் திருநம்பியரும் முதலில் அடையாள அட்டைக்காகத்தான் வருவார்கள். திருநங்கையர் நல வாரியம் 2008-இல் வந்தது. ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லலாம் என்று 2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் தனிச் சட்டம் வந்த பிறகு ஆட்சியரின் சான்றிதழுக்காகவும் வந்தார்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரு சின்னப் படம், ஐந்து நிமிட வேலை. பணத்தைக் கொடுத்த பிறகு வாசலில் தயங்குவார்கள். "எனக்குன்னு ஒண்ணு எடுக்கணும்க்கா" என்பார்கள். அதற்கு நான் கதவைத் தாழ் போட்டுவிட்டு மெதுவாக எடுப்பேன்.

வெளிச்சம்தான் இந்த வேலையில் எல்லாம். பெரிய குடை விளக்கைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, முகத்துக்கு நெருக்கமாக வைத்து, மோவாய்க்குக் கீழே வெள்ளை அட்டை பிடித்தால் நிழல்கள் கரையும், தாடை மென்மையாகும். அதே விளக்கைக் குடையில்லாமல் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் தாடை எலும்பு கோடு போட்டது போல எழும்பும். திருநங்கை வந்தால் இது, திருநம்பி வந்தால் அது என்று ஆரம்பத்தில் நானாகவே வைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. ஒரு திருநங்கை, "என் மூஞ்சி கல்லு மாதிரி இருக்கும்க்கா, எனக்கு அதுதான் புடிக்கும், அப்படியே எடுங்க" என்றார். அன்றிலிருந்து விளக்கைத் தொடுவதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன். கைக்கண்ணாடியைக் கொடுத்து, விளக்கை நகர்த்தி நகர்த்திக் காட்டுவேன். எங்கே வந்ததும் முகம் மலர்கிறதோ அங்கே நிறுத்துவேன். அந்த மலர்ச்சி ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இடத்தில் வருகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நொடிக்காக நான் காத்திருக்கிறேன்.

பொறியியல் படிக்கிற பிள்ளை ஒருவர், தாடியோடு, அம்மாவின் ஜிமிக்கியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். வேட்டி, சட்டை, ஜிமிக்கி, நகத்தில் கருநீலச் சாயம். "நான் திருநங்கை இல்லக்கா. ஆம்பளைன்னும் தோணல. இப்படித்தான்" என்றார். தமிழில் 'அவர்' என்ற சொல் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றுதான் தெரிந்தது. அவர்தான் கைப்பேசியில் ஜனேலே முஹோலி என்ற தென்னாப்பிரிக்கப் புகைப்படக் கலைஞரின் படங்களைக் காட்டினார். தம் நாட்டுக் கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண்களையும் திருநர்களையும் 2006 முதல் கறுப்பு வெள்ளையில் எடுத்து வருகிறவர். எல்லோரும் கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறார்கள். தன்னையே எடுத்துக்கொண்ட படங்களில் முஹோலி தோலின் கருமையைக் கூட்டி அச்சிடுகிறார் என்று அந்தப் பிள்ளை சொன்னார். நாங்கள் கல்யாண ஆல்பத்தில் பெண் மாப்பிள்ளை இருவரையும் வெளுக்கவைத்தே பழகியவர்கள். அன்று இரவு என் கணினியில் வெளுப்பேற்றும் அந்த வேலையை நிறுத்தினேன். கேட்கிறவர்களுக்குக்கூட இரண்டு விதமும் காட்டிவிட்டுத்தான் செய்கிறேன். பெரும்பாலோர் தங்கள் நிறத்தையே எடுத்துக்கொள்கிறார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் 2019 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது வந்தார்கள். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவு குற்றமல்ல என்று சொல்லி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஜோடியாகப் படம் வேண்டும் என்றார்கள். அப்பா காலத்தில் ஜோடிப் படத்துக்கு ஒரே இலக்கணம்தான். கணவர் நாற்காலியில், மனைவி பக்கத்தில் நின்று தோளில் கை. "யாரு உக்காரணும்க்கா?" என்று இருவரும் என்னைக் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தேன். இருவரும் நின்றார்கள், தோளோடு தோள். பிறகு எனக்கு அப்பாவின் பழைய டப்பா ஒன்று நினைவுக்கு வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் மலாயா போகிறவர்கள், கப்பலேறுவதற்கு முன்னால் உயிர்த் தோழனோடு வந்து எடுத்துக்கொண்ட படங்கள். விரலோடு விரல் கோத்திருப்பார்கள். அவர்களில் யார் யாருக்கு என்னவாக இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, அதை நானாக எழுதவும் மாட்டேன். ஆனால் அந்த டப்பாவைக் காட்டியதும் இந்த இருவரும் கை கோத்துக்கொண்டார்கள். அந்தப் படம்தான் சரியாக வந்தது.

அவர்கள் அனுமதியோடு அதை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன், ஒரு மஞ்சள் நீராட்டுப் படத்துக்கும் பணி ஓய்வுப் படத்துக்கும் நடுவில். பிற்பாடு என் தங்கையின் படமும் சேர்ந்தது. ஒரு கல்யாண ஆர்டர் போயிற்று. இரண்டு பேர் படியேறி வந்து சத்தம் போட்டார்கள். கீழே பூக்கடை வைத்திருக்கும் பாட்டி ஒருநாள் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ பொட்டு என்ன வட்டமா வெச்சிருக்கா பாரு" என்றார். இன்றுவரை பெட்டியில் இருந்து எதையும் நான் எடுக்கவில்லை.

இப்போது தங்கள் நாளிதழுக்கு வருகிறேன். சித்திரை பௌர்ணமிக்குக் கூவாகம் படம் போடுகிறீர்கள். போடுங்கள், அது அவர்கள் திருவிழா. ஆனால் ஆண்டுதோறும் தாலியறுத்து அழுகிற முகத்தைத்தான் பெரிதாகப் போடுகிறீர்கள். "நாங்க அழுதாத்தான் பேப்பர்ல வருவமா?" என்று என் ஸ்டுடியோவில் கேட்டவர்கள் உண்டு. அழகிப் போட்டியும் அழுகையும் போனால், மிச்சம் காவல் நிலையச் செய்தி. நடுவில் 363 நாள் அவர்கள் சமைக்கிறார்கள், வயல் வேலைக்குப் போகிறார்கள், கடை வைக்கிறார்கள், வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள்.

அடுத்தது 'அன்று – இன்று' என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போடும் வழக்கம். வெற்றி பெற்ற திருநங்கையைப் பாராட்டும் கட்டுரையில்கூட அரைக்கால் சட்டைப் பையன் படம் ஒன்று ஓரத்தில் நிற்கிறது. அவரே விரும்பிக் கொடுத்தாலொழிய அது வேண்டாம். தஞ்சையில் கிட்டப்பா பிள்ளையிடம் குருகுலமாக இருந்து நடனம் பயின்ற நர்த்தகி நடராஜுக்கு 2019-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, பத்திரிகைகளில் அவர் ஆடும் கோலத்தில் படங்கள் வந்தன. அதில் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே ஒரு பெண் என் கடைக்கு வந்தார். "இந்த மாதிரி நிமிந்து நிக்கணும்க்கா" என்றார். நீங்கள் போடும் ஒரு படம் எத்தனை தூரம் போகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சொற்களும் இப்போது இருக்கின்றன. ஒருவரையொருவர் விரும்பி, சேர்ந்து வாழ மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7-இல் உத்தரவிட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிந்துகொள்ளத் தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாக வெளிப்படையாகச் சொன்னார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே 2022-இல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிக்க மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அந்தப் பட்டியல் தங்கள் செய்தி மேசையில் இருக்க வேண்டும். ஒரு நீதிபதி மாணவராக உட்கார முடிந்த விஷயத்தில் நாமும் உட்காரலாம்.

கடைசியாக அஞ்சலி விளம்பரம். படம் வாங்குகிறவரிடம், 'அவர் கடைசியாகத் தனக்கென்று எடுத்துக்கொண்ட படம் இருக்கிறதா, அடையாள அட்டையில் என்ன பெயர்?' என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கூட வாழ்ந்தவர்கள் வந்து விளம்பரம் கொடுத்தால் அவர்களையும் உறவாக எழுதிக்கொள்ளுங்கள். மகள் என்று சொன்னால் மகள்.

அந்த விளம்பரம் வந்த வாரத்திலிருந்து என் மேசை இழுப்பறையில் உறைகள் சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு படம், பின்னால் அவர்கள் கையெழுத்திலேயே பெயர். 'நான் போனா இதைக் குடுத்துடுங்கக்கா' என்று சொல்லி வைத்துவிட்டுப் போகிறார்கள். நேற்றோடு 11 ஆகியிருக்கிறது. எல்லோரும் நூறாண்டு இருக்கட்டும். ஆனால் என்றைக்காவது ஓர் உறையை எடுத்துக்கொண்டு நானோ எனக்குப் பிறகு கடையில் இருப்பவரோ தங்கள் அலுவலகத்துக்கு வந்தால், என்ன உறவு என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அதில் ஓர் உறை என் தங்கையுடையது. படத்தின் பின்னால் அவள் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறாள்: 'இதைத்தான் போடணும். கறுப்பு வெள்ளையில் போட்டாலும் பொட்டு தெரியணும்.'

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்,
கும்பகோணம்.